மீனுக்குக் கறுப்பு பீர்

ஜனவரி 12

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் அடித்தால் எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டாய், அதனால் பேனாவைத் தேடிப் பிடித்தேன். உடம்பு எப்படி இருக்கிறது? தையல் பிரித்தாயிற்றா? காய்ச்சல் ஏதும் வரவில்லையே?

நீ போன பிறகு சமையலறையை நான்கு முறை கூட்டிவிட்டேன். இன்னும் கண்ணாடித் துண்டு வருகிறது. நேற்று ஃப்ரிட்ஜுக்கு அடியில் அந்த பீர் குவளையின் கைப்பிடி மட்டும் முழுசாகக் கிடந்தது. சிங்க் ஓரத்தில் காய்ந்திருந்த ரத்தத்தை அண்ணிதான் உட்கார்ந்து தேய்த்துக் கழுவினார்.

உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு, சொல்லிவிடுகிறேன். ஆண்டுக் கடைசி விடுமுறை, வீடு நிறைய ஆள், இரண்டு நாள் கால் கடுக்க நின்று சமைத்தேன். அண்ணன் பட்டறை ஆட்கள் நான்கு பேரைக் கூட்டி வந்து, “என் தம்பி வேலை பாக்குற ஆலையில செஞ்சதுடா” என்று அந்தக் கறுப்பு பீரை ஊற்றிக்கொண்டிருந்தான். இருப்பதிலேயே உசத்தி எது என்று விசாரித்து வாங்கி வந்திருந்தான். நீ என்ன சொன்னாய்? “பொரிச்ச மீனுக்குக் கறுப்பு பீர் ஊத்துறதும் மீனைத் தூக்கிச் சாக்கடையில போடுறதும் ஒண்ணுதான்.” சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தாய். லாரிப் பட்டறையில் இருபது வருஷம் சம்மட்டி பிடித்த கை, அவன் ஆட்கள் முன்னால் சும்மா இருக்குமா? குவளையால் அடித்தது சரி என்று நான் சொல்லவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். உனக்கு எதுவரை நினைவிருக்கிறது? தலையில் அடிபட்டவர்களிடம் இதைக் கேட்க வேண்டும் என்று எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸ் சொன்னாள். நினைவிருப்பதை மட்டும் எழுது.

தலையை நனைக்காதே. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


பிப்ரவரி 3

அக்காவுக்கு,

நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். நீயும் நலமாக இரு. உன் முட்டிவலி தேவலையா?

நெற்றியில் ஐந்து தையல், பின்மண்டையில் ஒன்பது. எல்லாம் பிரித்தாயிற்று. நினைவைப் பற்றிக் கேட்டாய். குவளை வருவது தெரிந்தது. பல்லைக் கடித்த அவன் முகம் தெரிந்தது. நெற்றியில் சூடாக ஏதோ வழிந்தது. அப்புறம் நேராக ஆஸ்பத்திரிக் கூரைதான். நடுவில் ஒன்றுமே இல்லை. பின்மண்டை சிங்க்கின் கல் விளிம்பில் மோதியது என்று சொன்னார்கள். முடியைப் பிடித்து மோதியிருப்பான். அண்ணியின் தலையை அப்படித்தானே கதவில் மோதுவான், நாம் பார்க்காததா.

அவன் இருக்கும் வரை அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். அவன் பேச்சை இனி எழுதாதே.

இங்கே வேலைக்குத் திரும்பிவிட்டேன். ஆலையில் ஒரு சின்னப் புத்தகம் போடப் போகிறார்கள். விடுமுறை விருந்தில் எந்தச் சாப்பாட்டுக்கு எந்த பீர் என்று ஜனங்களுக்குச் சொல்ல வேண்டுமாம். எழுதுவதற்கு என்னைப் பிடித்துவிட்டார்கள். யாரும் வீட்டில் செய்யக்கூடிய சாதாரண அயிட்டமாக ஐந்தாறு சொல்லேன். தினம் முந்நூறு நோயாளிக்குப் பொங்கிப் போடுகிறவள் நீ, உன்னை விட்டால் யாரைக் கேட்பேன்.

ஒரு சளி பிடித்து விடமாட்டேன் என்கிறது. மற்றபடி சௌக்கியம்.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

அக்கா. உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நடுவில் ஒன்றும் நினைவில்லை என்றால் போகட்டும், அதைத் தோண்டிக்கொண்டிருக்காதே. முட்டிவலி என்னோடுதான் குடியிருக்கிறது, வாடகைதான் தருவதில்லை.

நீ கேட்ட பட்டியல். உப்புப் போட்டு வறுத்த கடலை. பொரித்த மீன். அடுப்பில் முழுசாகச் சுட்ட கோழி. மிளகு தூக்கலாகப் போட்ட இறைச்சி. வெண்ணெயில் புரட்டிய உருளைக்கிழங்கு. பழக்கேக். இதற்கு மேல் கேட்கிறவர்களை ஓட்டலுக்குப் போகச் சொல்.

எழுதாதே என்றாய், ஆனாலும் எழுதுகிறேன். மாடியில் இருந்தாலும் கீழ்வீட்டில் நடப்பது எனக்குத் தெரியாமல் போகுமா. ஏழு வாரமாக அண்ணன் ஒரு சொட்டு தொடவில்லை. போன வாரம் அண்ணி சூப்பில் இரண்டு முறை உப்புப் போட்டுவிட்டார். அவன் ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தான். பிள்ளைகள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். இதே உப்புக்குத்தான் முன்பு ஒரு தடவை அண்ணியின் இரண்டு விரலைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். இந்தத் தடவை எழுந்து போய்த் தண்ணீர் கொண்டு வந்து, சூப்பில் கலந்து குடித்தான். அண்ணி இரவெல்லாம் தூங்கவில்லையாம், எப்போது அடி விழும் என்று.

உன் தலையில் கட்டுப் போட்டிருந்ததைப் பார்த்த நாளிலிருந்து ஆள் அடங்கிவிட்டான். “நான் அவனைக் கொன்னிருப்பேன்ல?” என்று என்னிடம் இரண்டு முறை கேட்டான். ஆமாம் என்றேன்.

சளிக்கு வெந்நீரில் ஆவி பிடி.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

தாமதத்துக்குத் திட்டாதே. வலது கை வீங்கியிருந்தது, பேனா பிடிக்க முடியவில்லை. ஆலைப் படியில் வழுக்கிவிட்டேன், வேறொன்றுமில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

உன் பட்டியலை வைத்துப் புத்தகத்தை எழுதி முடித்தேன். அதில் நாகரிகமாகப் போட்டதை உனக்கு நேராகச் சொல்கிறேன். பீருக்கும் சாப்பாட்டுக்கும் நடப்பது சண்டை. எடைக்கு எடை சரியான ஆளை இறக்க வேண்டும், அவ்வளவுதான். கடலைக்கும் பொரித்த மீனுக்கும் லாகர் என்கிற வெளிர் நிற பீர். எண்ணெய் நாக்கில் ஏறிச் சட்டமாக உட்காரும். லாகரின் குமிழியும் கசப்பும் அதன் சட்டையைப் பிடித்துக் கீழே இறக்கும். சுட்ட கோழிக்குக் கோதுமை பீர். பார்க்கக் கலங்கலாக இருக்கும், வாழைப்பழமும் கிராம்பும் கலந்த மணம். அது கோழியை அடிக்காது, தோளில் கை போட்டுக்கொண்டு கூட நடக்கும். மிளகு இறைச்சிக்குக் கசப்பு பீரை வைத்துவிடாதே, கசப்பும் காரமும் சேர்ந்தால் வாய்க்குள் கலவரம். கொஞ்சம் இனிப்போடு சிவப்பாக ஒன்று உண்டு, காரத்தை அதட்டி உட்கார வைக்க அதுதான் லாயக்கு. கறுப்பு பீர் கடைசியில், கேக்கோடு. வறுத்த காப்பி மணக்கும், அந்த முரட்டுக் கசப்புக்கு இனிப்புதான் ஈடு கொடுக்கும். மீனோடு விட்டால் மீனை நசுக்கிவிடும். இதைத்தான் அன்றைக்குச் சொன்னேன், இதற்குத்தான் அடி. உருளைக்கிழங்கு யாரோடும் சண்டைக்குப் போகாது, அதற்கு எதையும் வைக்கலாம்.

பீரைச் சுவை பார்த்துப் பாஸ் செய்கிற எங்கள் அறை பழையபடிதான். காலை பத்து மணி, ஐந்து பேர், சோப்புப் போட்டுக் கை கழுவக் கூடாது, காப்பி குடித்திருக்கக் கூடாது. முன்பெல்லாம் நான்தான் முதலில் வாய் திறப்பேன். இப்போது மற்ற நான்கு பேரும் சொல்லி முடித்த பிறகுதான் சொல்கிறேன். மூத்தவன் கடைசியில் சொல்வதுதான் மரியாதை.

ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன், எட்டு பாட்டில். ஒவ்வொன்றும் நானே சுவை பார்த்து எடுத்தது. நீயும் அண்ணியும் குடியுங்கள், அவனுக்குக் கொடுக்காதே.

தம்பி


மே 11

தம்பிக்கு,

அக்கா. பெட்டி உடையாமல் வந்து சேர்ந்தது. கை வீக்கம் வற்றிவிட்டதா? எலும்பு முறிவு இல்லையே?

ஞாயிற்றுக்கிழமை ஆறையும் சமைத்து, நீ சொன்ன வரிசையில் குடித்துப் பார்த்தோம். லாகரும் மீனும் நீ சொன்னபடியே. அண்ணி வாழ்க்கையில் முதல் தடவையாக பீர் குடித்தார், இரண்டு மிடறுக்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை. கோதுமை பீரும் பிரமாதம், அந்த வாழைப்பழ மணம் அப்படியே இருந்தது. பாட்டில்களைப் பார்த்ததும் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் வந்தான்.

எழுத வேறு விசேஷம் இல்லை. உடனே பதில் போடு.

அக்கா


ஜூன் 1

அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். இந்த வருஷம் எனக்கு வந்த ஒரே நல்ல செய்தி அதுதான் என்று வைத்துக்கொள். ஒரு வாரம் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். அண்ணி சிரித்தார் என்ற இடத்தை ஆலை கேன்டீனில் உட்கார்ந்து திரும்பப் படித்தேன்.

இங்கே ஜனங்கள் ஒரு மாதிரி ஆகிவிட்டார்கள். நான் கடிதத்தைப் பிரித்ததும் மேசையில் இருந்த மூன்று பேரும் தட்டோடு எழுந்து போனார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவன் என்னை முறைத்துவிட்டு நின்றுகொண்டே வந்தான். அறையை வாடகைக்கு விட்டவர் என் கட்டிலுக்கு அடியில் எலி செத்துக் கிடக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுகிறார். நானாக எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டால் அடிதடியில் முடியும் போலிருந்தது.

புத்தகம் அச்சாகிவிட்டது. கை சரியாகிவிட்டது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

எலி சாகவில்லை. என் கடிதம்தான் அது. மீன் கழுவிய தண்ணீரில் முக்கி, ஒரு நாள் முழுக்க வெயிலில் வைத்து அனுப்பினேன். தபால்காரன் உறையை இரண்டு விரலால் பிடித்து வாங்கிப் போனான். நீ அதை ஒரு வாரம் நெஞ்சில் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறாய்.

ஏன் செய்தேன் என்றால், உன் கோதுமை பீரில் வாழைப்பழமும் இல்லை, கிராம்பும் இல்லை. மூடியைத் திறந்ததும் எங்கள் ஆஸ்பத்திரி வராண்டா. தரை துடைக்கிற மருந்தின் அதே நாற்றம், பதினான்கு வருஷம் முகர்ந்தவளுக்குத் தெரியாதா. அண்ணி வாயில் வைத்ததும் துப்பிவிட்டார். “தம்பி போய் இதை எடுத்து அனுப்புவாரா?” என்று கேட்டார். உன்னைச் சோதித்துப் பார்க்கத்தான் பிரமாதம் என்று எழுதினேன்.

உனக்கு மூக்கு போய்விட்டது. எப்போதிலிருந்து? டாக்டரிடம் போனாயா? என்னிடம் மறைக்காதே, உன் மூக்கைச் சிந்திவிட்டு வளர்த்தவள் நான்.

அக்கா


ஜூலை 9

அக்காவுக்கு,

தெரிந்துவிட்டது அல்லவா, இனி நலம் என்று எழுதி உன்னை ஏமாற்ற வேண்டியதில்லை.

அடிபட்ட அன்றிலிருந்துதான். ஆஸ்பத்திரியிலிருந்து அறைக்கு வந்த மறுநாள் அடுப்பில் பால் வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்திருந்தேன். பால் தீய்ந்து, பாத்திரம் கருகி, புகை கண்ணில் எரிந்த பிறகுதான் திரும்பினேன். ஒரு வாசனையும் வரவில்லை. கோழி தின்றால் துணி, கேக் தின்றால் ஈரத்துணி. பீரில் கசப்பும் புளிப்பும் மட்டும் தெரிகிறது. ஆறு மாதமாக மற்ற நான்கு பேரின் புருவத்தைப் பார்த்தே பிழைப்பு நடத்தினேன். உனக்கு எழுதினேனே வாழைப்பழம், கிராம்பு, காப்பி என்று, எல்லாம் ஞாபகத்திலிருந்து எழுதியது.

கை வீங்கியது படியில் விழுந்து அல்ல. தொட்டி கழுவுகிறவன் எல்லார் முன்னாலும், “சார், இதுல ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்குது, எப்படிப் பாஸ் பண்ணீங்க?” என்றான். கன்னத்தில் ஓங்கி விட்டேன். விழுந்தவனை மிதிக்கவும் செய்தேன். விலா எலும்பு ஒன்று உடைந்தது என்றார்கள். அவன் சொன்னது சரி என்று இப்போது உன் கடிதமும் சொல்கிறது.

போன வாரம் டாக்டரிடம் போனேன். “நெத்தியில இருக்கிறது வெறும் தோல் காயம். பின்மண்டையில பட்ட அடிதான் வேலையைக் காட்டியிருக்கு. மூளை முன்னாடி ஒரு குலுங்கு குலுங்கி, மூக்குலேருந்து போற நரம்பெல்லாம் நூல் மாதிரி அறுந்திருக்கு” என்றார். திரும்ப வருமா என்று கேட்டேன். தோளில் தட்டினார்.

டிசம்பரில் வருகிறேன். வாசப்படி மிதிக்க மாட்டேன் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவேன். அப்புறம் அதே சிங்க்கில், அதே விளிம்பில் அவன் மண்டையை வைத்துத் தேங்காய் உடைப்பது போல உடைப்பேன். தினமும் தூங்கப் போகும் முன் அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்துக்கொள்கிறேன், உடனே தூக்கம் வருகிறது. நீ பக்கத்தில்தானே நின்றாய். அவன் என்னை எந்தப் பக்கம் பிடித்தான், எத்தனை தடவை மோதினான் என்று விவரமாக எழுது.

தம்பி


செப்டம்பர் 2

அக்காவுக்கு,

எட்டு வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்பு சரியில்லையா? இல்லை, அவன் பக்கம் சாய்ந்துவிட்டாயா?

ஆலையில் கண்டுபிடித்துவிட்டார்கள். மேலாளர் ஐந்து குவளையில் வெறும் தண்ணீரும் வினிகரும் வைத்து முகரச் சொன்னார். எதையும் சொல்ல முடியவில்லை. இப்போது பாட்டில் கழுவுகிற பகுதியில் இருக்கிறேன். தொட்டி கழுவுகிறவன் தினம் என்னைத் தாண்டித்தான் போகிறான்.

நான் கேட்டதற்குப் பதில் எழுது.

தம்பி


அக்டோபர் 20

தம்பிக்கு,

அக்கா. எனக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் ஆள் குறைவு, இரண்டு வேளைச் சமையலும் என் தலையில். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ருசி தெரியாவிட்டாலும் சாப்பிட வேண்டும்.

எத்தனை தடவை என்று கேட்டிருந்தாய். ஒரே தடவைதான். அந்தக் களேபரத்தில் யார் கை யார் மேல் பட்டது என்று யாரால் சொல்ல முடியும். இதைத் தோண்டாதே என்று முதலிலேயே சொன்னேன்.

டிசம்பரில் வராதே. அண்ணன் பழைய ஆள் இல்லை. சாப்பிட்ட தட்டை அவனே கழுவுகிறான். நீதான் பழைய அண்ணனாகிக்கொண்டிருக்கிறாய், விழுந்தவனை மிதித்தேன் என்று எழுதியிருக்கிறாயே. அடித்தே தீர வேண்டும் என்றால் வந்து என்னை அடி.

அக்கா


ஜனவரி 8

தம்பிக்கு,

நலமா என்று இந்தத் தடவை கேட்கவில்லை. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் பிழைத்துக்கொண்டான். எங்கள் ஆஸ்பத்திரியில்தான், இரண்டாவது மாடி. தாடை இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, கம்பி கட்டி வாயை மூடியிருக்கிறார்கள். முன்பல் ஐந்து போய்விட்டது. இடது காது கேட்கவில்லை. கீழே நான் வடிகட்டி அனுப்புகிற சூப்பைக் குழாயில் உறிஞ்சுகிறான். போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது, ஈரத்தரையில் வழுக்கி விழுந்தேன் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினான்.

ஆண்டுக் கடைசி விருந்தன்று நீ பீர்ப் பெட்டியோடு வந்து நின்றபோது அவன்தான் எழுந்து நாற்காலி போட்டான். நீ சிரித்த முகமாகத்தான் இருந்தாய். மீனுக்கு லாகர், கோழிக்குக் கோதுமை, இறைச்சிக்குச் சிவப்பு என்று நீயே ஒவ்வொருவருக்கும் ஊற்றினாய். அவனுக்கு மட்டும் தண்ணீர். “இந்த மாதிரி விருந்து சாப்பிட்டதே இல்லண்ணே” என்று பட்டறை ஆட்கள் உன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நீ கேக்கை வெட்டிக் கறுப்பு பீரின் காப்பி மணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாய். கோபம் போய்விட்டது என்று நானும் முட்டாள்தனமாக நம்பினேன்.

அவன் தட்டுகளை அடுக்கி எடுத்துக்கொண்டு சிங்க்குக்குப் போனான். நீ பின்னாலேயே போனாய். ஒரே தடவைதான் என்று உனக்கு எழுதியிருந்தேன். நீ மூன்று தடவை மோதினாய். முதல் மோதலில் தட்டு உடைந்தது. இரண்டாவதில் பல் தெறித்து என் காலடியில் வந்து விழுந்தது. அவன் நினைத்திருந்தால் உன்னை ஒரு கையால் தூக்கி எறிந்திருப்பான். இரண்டு கையாலும் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு, “அடிச்சுக்கோடா” என்றான். நான் கோழித் தட்டைப் பிடித்தபடி இரண்டடி தூரத்தில் நின்றேன். மூன்றாவது மோதல் வரையிலும் என் வாய் திறக்கவில்லை.

போன வருஷம் உன் பின்மண்டையை உடைத்தது அவன் இல்லை. நான்.

குவளையால் அடித்தது மட்டும்தான் அவன். அடித்துவிட்டு, உடைந்த கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு மலைத்து நின்றான். நீ நெற்றியில் ரத்தம் வழிய வழிய மறுபடியும் சிரித்தாய். “பட்டறைக்காரனுக்குப் பீரும் டீசலும் ஒண்ணுதான்” என்றாய். இரண்டு நாள் சமைத்த சாப்பாடு முழுவதும் கண்ணாடித் தூளாகக் கிடந்தது. உன் சிரிப்பை நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. இரண்டு கையாலும் உன் நெஞ்சில் வைத்துத் தள்ளினேன். உன்னைக் காப்பாற்ற விலக்கித் தள்ளினேன் என்று கொஞ்ச நாள் எனக்கே சொல்லிப் பார்த்தேன். பொய். கோபத்தில், விழட்டும் என்றுதான் தள்ளினேன். நீ மல்லாந்து போய் விளிம்பில் விழுந்தாய்.

குடிபோதையில் அவனுக்கு எதுவும் தெளிவாக நினைவில்லை. தானே மோதிவிட்டதாக நினைத்துக்கொண்டான். கொன்றிருப்பேனா என்று என்னிடம் கேட்டபோது ஆமாம் என்று நான் சொன்னதை உனக்கே எழுதியிருக்கிறேன். முதலில் பயத்தில் சொன்னேன். அப்புறம் அது கீழ்வீட்டில் என்ன செய்கிறது என்று பார்த்தேன். ஆகஸ்டில் ஒரு நாள் ஏதோ பேச்சில் அண்ணியை அடிக்கக் கையை ஓங்கினான். நான் மாடிப்படியில் நின்று, “தம்பியைக் கொல்லப் பார்த்த கைதானே அது” என்றேன். அந்தக் கை அப்படியே இறங்கிவிட்டது. ஒரு வருஷமாக அந்த ஒரு வாக்கியத்தைச் சாட்டை மாதிரி வைத்திருந்தேன். பத்து வருஷமாக அழுதும் கெஞ்சியும் ஆகாதது அதில் ஆயிற்று. உன் ஜூலைக் கடிதம் வந்தபோது மூன்று முறை பதில் எழுதிக் கிழித்தேன். உண்மையைச் சொன்னால் நீ என்னை வெறுப்பாய் என்ற பயம் பாதி. உனக்குத் தெரிந்தால் அவனுக்கும் தெரிந்துவிடும், அண்ணி பழையபடி அடி வாங்குவார் என்ற பயம் பாதி. எது பெரிய பாதி என்று எனக்குத் தெரியவில்லை.

நேற்று சூப் கொண்டுபோனபோது காகிதத்தில், “எனக்கு இந்த அடி வேண்டியதுதான்” என்று எழுதிக் காட்டினான். அதை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன்.

அவனிடம் உண்மையைச் சொல்லிவிடட்டுமா? இனி இது என் ஒருத்தியின் முடிவு இல்லை. நீ சொன்னபடி செய்கிறேன்.

அக்கா


ஜனவரி 27

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. முதல் நாள் சுவரில் குத்தி இரண்டு விரல் முட்டி பிளந்தது. இரண்டாம் நாள் ஆலையில் ஒரு பெட்டி நிறைய பாட்டிலைத் தூக்கித் தரையில் அடித்தேன், மேலாளர் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். அப்போது நீ எதிரில் நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எழுத விரும்பவில்லை. உன்னை மன்னிக்கவில்லை. உன் முட்டிவலி எப்படி இருக்கிறது என்றும் கேட்கத் தோன்றுகிறது. இரண்டும் இருக்கிறது.

அவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான்கு பக்கம். நீ தள்ளியது, நான் சிரித்தது, அவன் மேல் பழி போட்டுக்கொண்டு திரிந்தது எல்லாவற்றையும் எழுதி, காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டு, உறையில் போட்டு ஒட்டித் தபால் பெட்டி வரை கொண்டுபோனேன். பெட்டிக்குள் கையை விட்டபோதுதான் அன்றைக்கு வாசலில் நடந்தது ஞாபகம் வந்தது. அது உனக்குத் தெரியாது, நீ உள்ளே அவனோடு இருந்தாய்.

பட்டறை ஆட்கள் என்னை இழுத்துத் தெருவில் தள்ளினார்கள். என் கையெல்லாம் அவன் ரத்தம். அண்ணி என் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். கத்துவார், காறித் துப்புவார் என்று நினைத்தேன். அவர் அழுதிருக்கவே இல்லை. பையை என் தோளில் மாட்டிவிட்டு, “பாத்துப் போங்க தம்பி” என்றார். நான் நாலு எட்டு வைத்திருப்பேன். பின்னாலிருந்து, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில், “அடுத்த வருஷமும் வாங்க” என்றார்.

அதிர்ச்சியில் ஏதோ உளறுகிறார் என்று அன்றைக்கு நினைத்தேன். அவன் அடங்கிக் கிடந்தால்தான் அவருக்கு அடி விழாது என்று தபால் பெட்டி முன்னால்தான் புரிந்தது. கடிதத்தைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து அங்கேயே நின்று கிழித்துவிட்டேன்.

அவனிடம் சொல்லாதே. அடுத்த வருஷமும் வருவேன் என்று அண்ணியிடம் மட்டும் சொல்.

தம்பி